அப்பாவின் நினைவில் ஒரு கடிகாரம்: பிரிமாண்ட் வழியா, பால்டிக் வழியா?

இங்கிலாந்தின் பிரிமாண்ட் கைக்கடிகார நிறுவனம்: 1995இல் விமான விபத்தில் தந்தையை இழந்த நிக், ஜைல்ஸ் இங்கிலிஷ் சகோதரர்கள் 2002இல் தொடங்கியது. அதே விபத்தில் நிக்கும் படுகாயமடைந்தார். அப்புறமும் பறந்தார்கள், பிரான்சில் அவசரமாகத் தரையிறங்கியபோது அடைக்கலம் தந்த விவசாயியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார்கள். முதல் கடிகாரங்கள் வந்தது 2007இல்தான். விற்பனையே இல்லாத ஐந்து வருடங்கள்! அதைத் தாங்கப் பணமும் வேண்டும், நெஞ்சுரமும் வேண்டும்.

பிரான்சின் பால்டிக்: அப்பா சேர்த்துவைத்த பழைய கடிகாரங்களிலிருந்து எத்தியென் மலெக் எடுத்த வடிவம். 2017இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளம் வழியாக, வாங்க விரும்பியவர்களிடம் முன்பணம் திரட்டினார். சில மாடல்களின் உள்ளே ஜப்பானிய மியோட்டா இயந்திரம். விலை கைக்கெட்டும் தூரத்தில்.

பிரிமாண்டின் கதை என்னை உலுக்குகிறது. ஆனாலும், சேமிப்பை மட்டும் நம்பித் தொடங்குபவருக்குப் பால்டிக் வழியைத்தான் சொல்வேன். எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று தெரிந்த பிறகே தயாரிப்புக்கு ஆர்டர் கொடுக்கலாம்.