சோர் பஜார் எச்சரிக்கை: பொம்மைக் கார் போட்ட பழைய சாமான், நாலு உருப்படியில் மூன்று போலி

மும்பை சோர் பஜாரில், மட்டன் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக் கடையில் சென்ற மாதம் வாங்கிய நான்கு சாமான்களைப் பற்றியது இந்தப் பதிவு. நான்கும் பழைய பொம்மைக் கார் சேகரிப்பவர்களின் கண்ணில் பட்டால் விடமுடியாத ரகம். கார் படங்கள் அச்சிட்ட தகர ட்ரே, கார் படம் போட்ட எனாமல் மக், மேலே தங்க முலாம் பூசிய காருடன் ஓர் ஆஷ்ட்ரே, ஒரு பிஸ்கட் டின். மொத்தம் 14,500 ரூபாய். முன்பணம் 4,000 யூபிஐயில் போனது, மீதி கடையில் ரொக்கமாக. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்ததில் மூன்று போலி. டின் மட்டும் பழசுதான், ஆனால் சொன்ன வருஷம் பொய், அடியில் துரு ஓட்டை வேறு.

வியாபாரம் நடந்த விதத்தைச் சொன்னால் பாதி புரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் 11 படங்கள் வந்தன. எல்லாம் முகப்புதான். பின்பக்கம் கேட்டதற்கு "துகான் மே ஆவோ, சப் திகாயேங்கே" (கடைக்கு வாருங்கள், எல்லாம் காட்டுகிறோம்) என்று பதில். கடையில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. முதலில் கையில் கொடுத்தது அந்த டின்னை. அது உண்மையிலேயே பழசு என்பதால் கை நம்பிவிடுகிறது. அடுத்த மூன்றையும் அதே நம்பிக்கையில் கண் ஏற்றுக்கொள்கிறது. தூண்டிலில் மாட்டும் புழு அசலாகத்தான் இருக்கும்.

முதலில் ட்ரே. அதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. "1958, இங்கிலாந்து சரக்கு" என்று சொல்லி விற்றது. படத்தில் எட்டுக் கார்கள், அதில் ஒன்று ஜாகுவார் ஈ-டைப். அந்தக் காரே உலகத்துக்குக் காட்டப்பட்டது 1961இல், ஜெனீவா கண்காட்சியில். மூன்று வருஷம் முன்னால் அதன் பொம்மையைப் படம் போட்டு ட்ரே அடித்திருக்க முடியாது. பொம்மைக் காரை ரசிப்பதில் நாம் மயங்கிவிடுகிறோம், அதன் வருஷத்தைக் கேட்பதில்லை. பொம்மைக் கார் பிராண்டுகளில் நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: டிங்கி என்ற பெயர் 1934இல் வந்தது. மேட்ச்பாக்ஸின் 1 முதல் 75 வரையிலான வரிசை 1953இல் தொடங்கியது. கார்கி 1956. ஹாட் வீல்ஸ் 1968. ஆகவே "1962 ஹாட் வீல்ஸ் டிபன் டப்பா" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மேட்ச்பாக்ஸ் படத்துக்குக் கீழே, ஹாட் வீல்ஸ் தயாரிக்கும் மேட்டல் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது 1997க்குப் பிந்தியது. அந்த வருஷம்தான் அந்தப் பெயர் மேட்டல் கைக்குப் போனது. புதிதாக அடித்து, புதிது என்று சொல்லி விற்கும் ட்ரேக்களும் உண்டு. அவற்றில் குற்றம் ஒன்றுமில்லை.

இனி பூதக்கண்ணாடி. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லூப் ஒன்று போதும். படத்தைப் பார்க்க வேண்டாம், எழுத்தைப் பாருங்கள். பழைய தகர அச்சில் கறுப்பு எழுத்து முழுக் கறுப்பாக, ஒரே மையாக, ஓரம் சுத்தமாக இறங்கியிருக்கும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் எழுத்தும் நிறப் புள்ளிகளாகச் சிதறிவிடும், ஓரத்தில் நீலமும் சிவப்பும் கசியும். படத்தின் வெளிர் பகுதியில், இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டாற்போல் அலை அலையாக ஒரு கோலம் தெரியும். பழைய புள்ளியும் புதுப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வருவது அது. இந்த ட்ரேயில் இரண்டும் இருந்தன.

விளிம்பு இன்னும் தெளிவாகப் பேசும். தகர ட்ரேயைத் தட்டையான தகட்டில் அச்சிட்ட பிறகுதான் அச்சில் வைத்து அழுத்தி வடிவம் கொடுப்பார்கள். எனவே வளைவில் படம் லேசாக இழுபட்டிருக்கும், நிறம் மடித்த ஓரத்துக்குள்ளும் ஓடும். இங்கே நிறம் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட்டது. யாரோ பழைய வெறும் ட்ரே ஒன்றை எடுத்து, வினைல் ஸ்டிக்கர் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரை அரை நிமிஷம் ஓரத்தில் காட்டியதும் மூலை சுருண்டுவிட்டது.

"பழசாகிப்போன" அழுக்கு எப்படி வந்தது? டீத்தண்ணீரும் பழுப்பு ஷூ பாலிஷும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை ஒரு தடவை இழுத்ததுமே அழுக்கு சமமாக வந்துவிட்டது. நிஜ அழுக்கு அப்படி வராது. மூலையிலும் மடிப்பிலும் கெட்டியாக உட்கார்ந்திருக்கும், நடுவில் குறைவாக இருக்கும். தேய்மானமும் அப்படித்தான். ட்ரே தேய்வது கைப்பிடியிலும் அடிவட்டத்திலும். நடுப்படத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டாற்போல் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள்தான். துருவையும் கவனியுங்கள். உப்பும் வினிகரும் போட்டு அவசரமாக வரவழைத்த துரு ஆரஞ்சு நிறத்தில், விரலில் ஒட்டும் பொடியாக இருக்கும். பல வருஷத் துரு கரும்பழுப்பாக இறுகிக் கிடக்கும். மூக்கை வைத்துப் பார்க்கவும் வெட்கப்பட வேண்டாம், வினிகர் வாடையும் பாலிஷ் வாடையும் பல நாள் நிற்கும்.

சோதனையில் ஒரு தவறு செய்துவிடாதீர்கள். நக பாலிஷ் எடுக்கும் திரவத்தை முன்பக்கத்தில் தடவக்கூடாது. போலியைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் அசலின் வார்னிஷும் சேர்ந்து கரைந்துபோகும். எதைத் தடவினாலும் முதலில் பின்பக்கம், ஒரு மிளகு அளவு இடத்தில்.

எனாமல் மக்கில் ஏமாந்தது வேறு விதம். எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் சுமார் 800 டிகிரியில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. சில்லு பெயர்ந்த இடத்தில் கண்ணாடி உடைந்தாற்போல் கூர்மையான விளிம்பும், வெள்ளைக்கு அடியில் கருநீல அல்லது கறுப்பு அடிப்பூச்சும், அதற்கும் அடியில் இரும்பும் தெரியும். இப்போது சந்தையில் இருப்பது படம் மாற்றி அச்சிடுவதற்கென்றே வெளியே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த வெற்று மக். அதன்மேல் சப்ளிமேஷன் தாளை (சூட்டில் சாயத்தை விடும் படத்தாள்) சுற்றி 180, 200 டிகிரிச் சூட்டில் அழுத்தினால் சாயம் பூச்சுக்குள் இறங்கிவிடும். வேண்டுமானால் நாளைக்கே உங்கள் வீட்டு நாய்க்குட்டி படத்தைப் போட்டுத் தருவார்கள். கண்டுபிடிக்க ஒரு பித்தளைச் சாவி போதும். அடிப்பக்கத்துக்கு அருகில் லேசாக இழுங்கள். கண்ணாடி எனாமலில் பித்தளைதான் தேய்ந்து மஞ்சள் கோடு விழும், துடைத்தால் போய்விடும். பிளாஸ்டிக் பூச்சில் பள்ளம் விழும். இந்த மக்கில் பள்ளம் விழுந்தது. அடியில் "இங்கிலாந்து" என்ற முத்திரை ரப்பர் ஸ்டாம்ப், எச்சில் தொட்டுத் தேய்த்தாலே மங்குகிறது. காந்தம் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை, இரண்டிலும் உள்ளே இரும்புதான்.

(அசல் கிடைத்தாலும் அதில் காப்பி குடிக்காதீர்கள். பழைய எனாமல் நிறங்களிலும் தகர அச்சு மையிலும் ஈயம், காட்மியம் இருக்கக்கூடும். அலமாரிக்கு மட்டும்.)

ஆஷ்ட்ரேதான் பெரிய தொகை, அது மட்டும் 7,000. இதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது, அதைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். மேட்ச்பாக்ஸைத் தயாரித்த லெஸ்னி நிறுவனம் 1960களிலும் 70களிலும், 1956இல் தொடங்கிய தன் 'மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்' வரிசைக் கார்களுக்கு வெள்ளி, தங்க நிற முலாம் பூசி, ஆஷ்ட்ரே, பேனா ஸ்டாண்டு, சிகரெட் பெட்டி மீது பொருத்திப் பரிசுப் பொருளாக விற்றது. அசல் அப்படி உண்டு என்று தெரிந்தவர்தான் இதில் விழுவார், தெரியாதவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். போலி செய்பவர் என்ன செய்கிறார்? சாதாரணப் பெயின்ட் அடித்த யெஸ்டர்இயர் கார் ஒன்றை வாங்குகிறார். முலாம் பூச வேண்டுமானால் பெயின்டைச் சுரண்ட வேண்டும், பிளாஸ்டிக் சக்கரம், இருக்கை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டுமானால் அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுக்க வேண்டும். ரிவெட் ஒருமுறை போனால் போனதுதான். மறுபடி சேர்க்கும்போது ஸ்க்ரூ அல்லது பசை. ஆகவே காரைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள். இதில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இரண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தன. கதவு இடுக்கில் பழைய பச்சைப் பெயின்டின் மிச்சம். ரேடியேட்டர் கோடுகள் சுரண்டிச் சுரண்டி மழுங்கிப்போயிருக்கின்றன. ஆஷ்ட்ரே புதுப் பித்தளை, கார் அதன்மேல் எபாக்ஸிப் பசையால் ஒட்டியது. கடையில் இது எப்படித் தெரியாமல் போனது? அடியில் பச்சை ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தது. ஃபெல்ட் ஒட்டிய எதையும் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க விடாவிட்டால் வாங்காதீர்கள்.

நல்ல யெஸ்டர்இயர் கார் ஒன்றும் இதில் பாழாகிவிட்டது என்பது தனி எரிச்சல்.

பிஸ்கட் டின்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியத் தயாரிப்பு, மூடியில் பொம்மைக் கார் ஊர்வலம், "1965" என்றார்கள். அடியில் முகவரியோடு ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். அதற்கு முன்பெல்லாம் 'பம்பாய்-3' என்பதுபோல் தபால் வட்டார எண் மட்டும்தான். இந்திய டின் எதையும் இப்படி அடியிலிருந்து படித்துவிடலாம். பச்சைப் புள்ளி சைவக் குறி 2001க்குப் பிறகு. ரூபாய்க்கான புதுக் குறியீடு 2010க்குப் பிறகு. மும்பை என்று அச்சாகியிருந்தால் 1995க்கு முந்தியதாக இருப்பது அரிது. பக்க மடிப்பை வைத்து வயது சொல்கிறேன் என்பவரை மட்டும் நம்பாதீர்கள், அந்த மடிப்பு இன்றும் அலங்கார டின்களில் வருகிறது.

தங்க ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு 'ஆதன்டிசிட்டி சர்டிஃபிகேட்'டும் கொடுத்தார்கள், 'தொல்பொருள் சட்டப்படி' என்ற வார்த்தையோடு. 1972ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இப்படிப்பட்ட பொருள்களில் நூறு வருஷத்துக்குக் குறையாதவற்றைத்தான் தொல்பொருள் என்கிறது. 1958 ட்ரேக்கு அந்தச் சட்டத்தின் பெயரில் சான்றிதழ் கொடுப்பதே பொய்க்குச் சாட்சி. அதற்காகவே அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பில்லில்தான் நம் பக்கத் தவறு. "புரானா சாமான், 4 நக்" (பழைய சாமான், 4 உருப்படி) என்று மட்டும் எழுதிக் கொடுத்ததை மடித்துப் பையில் போட்டாகிவிட்டது. வருஷம், நாடு, அசல் என்ற சொல், ஒவ்வொன்றின் விலை, இவை பில்லில் இல்லாவிட்டால் கடைக்காரர் வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுத மறுத்தால், வாட்ஸ்அப்பிலாவது "1958 இங்கிலாந்து அசல் ட்ரே, சரிதானே?" என்று கேட்டு, அவர் 'ஹான் ஜி' (ஆமாம்) என்று பதில் போட்டபிறகு பணம் அனுப்புங்கள். முன்பணம் அனுப்பும்போது அப்படிக் கேட்டு வாங்கிய ஒரு பதில்தான் இப்போது கையில் இருக்கும் பெரிய ஆயுதம்.

திருப்பிக் கொண்டுபோனபோது சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்கள், "பிகா ஹுவா மால் வாபஸ் நஹி ஹோகா" (விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது). பணத்துக்குப் பதில் வேறு ஏதாவது எடுத்துக்கொள் என்றார்கள். வேறு ஏதாவது என்பதும் அதே கடைச் சரக்குதானே. அந்தப் பலகையோடு விஷயம் முடிந்துவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் எழுதாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார். அது நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், மதுரையிலிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கியவரும் மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது வேறு, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. இங்கே 1915 புகார் பதிவாகியிருக்கிறது, கடையிலிருந்து பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், விடியும் முன்பே நடைபாதையில் ஜும்மா சந்தை விரிந்துவிடும். விலை குறைவு, பில் கிடையாது, மறுநாள் போனால் ஆளும் கிடையாது. அரை இருட்டில் லூப்பால் ஒன்றும் ஆகாது, ஒரு நல்ல வெள்ளை டார்ச்சும் சேர்த்து எடுத்துப் போங்கள். உண்மையில் இந்த மாதிரிச் சாமானுக்கு, தாராவி 13 காம்பவுண்ட் பக்கத்து பங்கார் (காயலான்) கடை அண்ணாச்சிகளிடம் சொல்லிவைப்பது மேல். எடைக்கு விற்கிறவருக்கு வருஷம் புனைய வேண்டிய தேவை இல்லை.

அந்த ட்ரேயின் இன்னொரு பிரதியும் இப்போது விற்பனைப் படங்களில் சுற்றுகிறது, விலை 5,500. அடையாளம் இது: மேல் வரிசையில் வலது ஓரத்தில் இருக்கும் பச்சைக் காரின் கண்ணாடி மேல் சாய்வாக ஒரு கீறல், சுமார் 2 சென்டிமீட்டர். எங்கள் ட்ரேயிலும் அதே இடத்தில், அதே நீளத்தில், அதே சாய்வில் அந்தக் கீறல் இருக்கிறது. அதன்மேல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், எங்கும் மாட்டாது. ஸ்கேன் செய்த அசலில் இருந்த கீறல் அது, படத்தோடு சேர்ந்து அச்சாகியிருக்கிறது.