போனா, லேப்டாப்பா, டேப்லெட்டா: கல்லூரிப் படிப்புக்கு எது கைகொடுக்கும்?

கல்லூரியில் சேர்ந்ததும் லேப்டாப் வாங்கலாமா, டேப்லெட் வாங்கலாமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் பாடக் குழுவில் வரும் பிடிஎஃப், யூடியூப் விளக்கம், கரும்பலகையின் படம், தேர்வுக்கு முந்தைய இரவு நண்பர் அனுப்பும் குறிப்பு எல்லாமே கடைசியில் வந்து சேரும் இடம் போன்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போனில் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பாருங்கள். பக்கம் நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும். இடது பத்தியை விரலால் பெரிதாக்கி அடிவரை வந்து, மறுபடி மேலே ஏறி வலது பத்தியைப் பிடிக்க வேண்டும். நடுவில் 'படம் 3-ஐக் காண்க' என்று வந்தால் அது இரண்டு பக்கம் தள்ளி இருக்கும், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் எந்த வரியில் விட்டோம் என்பதே மறந்துவிடும். அதற்குள் மேலே ஒரு வாட்ஸ்அப் செய்தி. படிக்கிறவரைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை, அந்தச் சின்னத் திரை இந்த வேலையைத் தாங்காது.

அதே போன், ஏற்கெனவே படித்ததை நினைவுபடுத்திப் பார்க்க அருமையான கருவி. ஆங்கி மாதிரிச் செயலியில் கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம் என்று அட்டைகள் போட்டு வைத்தால், தெரிந்த அட்டை நாள் தள்ளி வரும், தடுமாறிய அட்டை சீக்கிரமே திரும்பி வரும். 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் நடத்திய சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தியவர்களோ, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம் இந்த வேலைக்குத் தாராளம்.

சரி, லேப்டாப். கட்டுரை எழுத, நிரல் எழுத, புள்ளிவிவரம் அலச இதற்கு மாற்றே கிடையாது. படிக்கும் கட்டுரை ஒரு பாதியில், எழுதும் கோப்பு மறுபாதியில், மேற்கோள்களைச் சோடெரோ என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வகுப்பறைக்குள் வந்தால்தான் சிக்கல். தட்டச்சு செய்கிறவர்கள் விரிவுரையை வார்த்தைக்கு வார்த்தை பதிகிறார்கள், கருத்துக் கேள்விகளில் பின்தங்குகிறார்கள் என்று 2014-இல் உளவியலாளர்கள் முல்லரும் ஓப்பன்ஹைமரும் எழுதியது பெரிதாகப் பேசப்பட்டது. 2019-இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு. வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமல்ல, அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தது. நம் கவனத்தை நாம் தொலைப்பது நம் பாடு. பக்கத்தில் இருப்பவருடையதையும் சேர்த்துத் தொலைப்பது நியாயமே இல்லை.

பேனாவோடு வரும் டேப்லெட், கணக்கு, வேதியியல் அமைப்புகள், மின்சுற்று வரைகிறவர்களுக்கு வரப்பிரசாதம், ஸ்லைடின் மேலேயே எழுதிக்கொள்ளலாம். ஆனால் பொறியியல் துறைகளுக்குத் தேவையான பல மென்பொருள்கள் அதில் முழுதாக ஓடாது, அப்புறம் லேப்டாப்பும் வாங்க வேண்டி வரும். ஒரு நோட்டும், எழுதியதை ஸ்கேன் செய்யப் போனும் இருந்தால் டேப்லெட்டின் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லேப்டாப் வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. கடினமான அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துப் படியுங்கள். 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு அலசலில் காகிதத்தில் படித்தவர்களுக்கே புரிதல் சற்றுக் கூடுதலாக இருந்தது, நேரம் நெருக்கும்போது இடைவெளி இன்னும் பெரிது. கதை படிப்பதில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

போனைத் தவிர வேறெதுவும் இல்லாத மாணவர்கள் எத்தனையோ பேர். ஆசிரியர்களே, சாய்வாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை அவர்களுக்கு அனுப்பாதீர்கள், அதில் ஒரு சொல்லைத் தேடக்கூட முடியாது. ஈபப் என்ற மின்நூல் வடிவிலோ இணையப் பக்கமாகவோ கொடுங்கள், எழுத்துகள் திரையின் அகலத்துக்குத் தாமே மடங்கிக்கொள்ளும்.