புடவையா, ஜிப் நைட்டியா, ஃபீடிங் குர்த்தியா? பால் கொடுக்கும் மாதங்களுக்கு எது சரிப்படும்

மகளுக்கு ஒன்றரை மாத ஊசி போட்ட புதன்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. மூன்று குழந்தைகளும் ஒரே சுருதியில் அலறிக்கொண்டிருந்தன. ஊசி போட்ட கையோடு பால் கொடுங்கள், அழுகை அடங்கும் என்று நர்ஸ் அக்கா சொல்லித்தான் வெளியே அனுப்பியிருந்தார். பூனம் புடவைக்காரி முந்தானையை ஓர் இழுப்பு இழுத்தாள், அவள் குழந்தை அடங்கிவிட்டது. நைட்டிக்கு மேல் துண்டு போட்டு வந்தவள் ஜிப்பை இறக்கினாள், அதுவும் அடங்கிவிட்டது. நான் போட்டிருந்ததோ கல்யாணத்துக்கு முன் தைத்த, முதுகில் ஜிப் வைத்த சுடிதார். டாப்ஸை இடுப்பிலிருந்து மேலே சுருட்டி, ஷால் நழுவாமல் அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வைப்பதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பதினோரு மாதத்தில் கடையில் கிடைக்கும் எல்லாவற்றையும் ஏறக்குறைய போட்டுப் பார்த்துவிட்டேன். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அத்தனை முறை திறந்து மூட வேண்டிய உடை என்பதால், கடைக் கண்ணாடியில் அழகாக இருப்பதைப் பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவோம்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். ஒரு கையால் திறந்து மூட வருகிறதா? இன்னொரு கையில் குழந்தை இருக்கும், அதுவும் திமிறிக்கொண்டு. அடுத்தது, திறக்கும்போது எந்த இடம் வெளியே தெரிகிறது? மார்பு தெரிந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். குழந்தையின் தலை வந்ததும் அது தானாக மறைந்துவிடும். உண்மையில் தெரிவது இடுப்பும் வயிறும்தான். மூன்றாவது, குடித்து முடித்ததும் அப்படியே எழுந்து நடக்க முடியுமா, இல்லை பால் கறையும் கசங்கலுமாக ஷாலால் போர்த்திக்கொண்டு ஓட வேண்டுமா?

புடவை

"அஞ்சரை மீட்டர் துணி இருக்கு. அதுக்கு மேல தனியா ஒரு போர்வை வாங்கணுமாடி?" இது என் அம்மா, நான் ஆன்லைனில் ஃபீடிங் கவர் தேடிக்கொண்டிருந்தபோது. அம்மா சொன்னதில் முக்கால்வாசி சரி.

புடவையின் பலம் முந்தானையில் மட்டும் இல்லை, முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டிலும் இருக்கிறது. கொக்கியைக் கீழிருந்து இரண்டு, அதிகம் போனால் மூன்று கழற்றினால் போதும். மேல் கொக்கிகள் போட்டபடியே இருப்பதால் கழுத்துப் பக்கம் எதுவும் விலகாது. இப்போது பலரும் ஆசைப்பட்டுத் தைக்கும் முதுகுக் கொக்கி, முதுகு நாடா ஜாக்கெட்டெல்லாம் இந்த மாதங்களில் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பால் சுரக்கத் தொடங்கியதும் பழைய ஜாக்கெட் எதுவும் பூட்டாது. உள்ளே துணி விட்டுத் தைத்திருந்தால் பக்கத் தையலைப் பிரித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் புதிதாக இரண்டு தைக்க வேண்டியதுதான். பூட்டாததை இழுத்துப் பூட்டினால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரைக்கும் போகும்.

இடது பக்கம் கொடுப்பது எளிது. முந்தானைக்கு அடியில் குழந்தையின் தலை போய்விடும். ஆனால் அந்தப் பக்கம் இடுப்பு பளிச்சென்று தெரியும், யாரும் சொல்லித் தராத இடம் இது. குழந்தையின் காலை அந்த இடுப்போடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டால் அதுவே மறைப்பு. வலது பக்கம் கொடுக்கும்போது முதுகுப் பக்கம் தொங்கும் முந்தானை நுனியை வலது தோளைச் சுற்றி முன்னால் கொண்டுவர வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பாட்டிகள் இதைப் பேச்சை நிறுத்தாமலே செய்வார்கள். எனக்குப் பழக இரண்டு மாதம் ஆயிற்று.

மடிப்பு எடுத்துத் தோளில் ஊக்கு குத்தினால் இந்த வசதி பாதி போய்விடும். துணி முழுவதும் நான்கு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும், போதாததற்கு ஊக்கு வேறு குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒற்றையாக விட்ட முந்தானைதான் சரி. துணியில் சுங்குடி மாதிரி மெல்லிய நூல் புடவை நல்லது. கஞ்சி போட்டது விறைத்துக்கொண்டு நிற்கும், பட்டு வழுக்கும். பட்டில் பால் பட்டால் என்ன ஆகும் என்பதை என் கல்யாணப் புடவையைக் கேளுங்கள்.

பாதகமும் உண்டு. சிசேரியன் ஆனவர்களுக்கு உள்பாவாடை நாடா தையல் இருக்கும் இடத்தில் உறுத்தும், மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். தினமும் புடவை கட்டிப் பழக்கமில்லாதவர், ஓடும் ரயிலின் கழிப்பறையில் குழந்தையோடு ஒரு கையில் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்க்கட்டும். புடவை நன்றாக வேலை செய்வது அதைக் கட்டி வளர்ந்த கைகளுக்குத்தான்.

ஜிப் நைட்டி

வீட்டுக்குள் இதற்கு எதிரியே கிடையாது. வயிற்றில் எதுவும் அழுத்தாது, நள்ளிரவில் கண்ணைத் திறக்காமலே திறக்கலாம். ஆனால் எல்லா ஃபீடிங் நைட்டியும் ஒன்றல்ல. நடுவில் ஒற்றை ஜிப் வைத்தது ஒரு வகை. அதைக் கீழ்வரை இறக்கினால்தான் குழந்தைக்கு எட்டும், இறக்கினால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். மடிப்புக்கு அடியில் இரண்டு பக்கமும் தனித்தனி ஜிப் வைத்தது இன்னொரு வகை. எடுத்தால் இதைத்தான் எடுக்க வேண்டும், பத்து இருபது ரூபாய் கூட இருந்தாலும்.

கடையில் பாக்கெட்டைப் பிரிக்க விடமாட்டார்கள், ஆனாலும் கேட்டுப் பிரித்து ஜிப்பைப் பாருங்கள். ஜிப்பின் கீழ்முனை மார்புக்குக் கீழே வரை இறங்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் குழந்தைக்கு வாய் வைக்க இடம் இருக்காது. உலோக ஜிப் கன்னத்தில் கீறும், நைலான் ஜிப்தான் வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டித் துணி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்தில் தோலையே கடித்துவிடும். எனக்கு ஒரு முறை கடித்தது.

நம்மூரில் நைட்டிக்கு ஓர் எல்லை இருக்கிறது. மேலே துண்டைப் போட்டால் தெருமுனைக் கடை, தடுப்பூசி, பக்கத்து வீட்டு வளைகாப்பு வரை போகலாம். மண்டபத்துக்குப் போக முடியாது. யார் போட்ட எல்லை என்று கேட்காதீர்கள், எல்லோருக்கும் தெரியும்.

ஃபீடிங் குர்த்தியும் டெய்லர் அக்காவும்

வெளியே போகச் சுடிதார்தான் என்பவர்களுக்குக் கடையில் மூன்று வகை கிடைக்கிறது. மார்புக்குக் கீழே குறுக்காக ஜிப் ஓடுவது முதல் வகை. திறந்தால் ஜிப் விளிம்பு சரியாகக் குழந்தையின் கன்னத்தில் வந்து உட்காரும். தூரத்தில் இருந்து பார்த்தாலே என்ன உடை என்றும் தெரிந்துவிடும், மறைவுக்காக வாங்கியதன் பயன் அங்கேயே முடிந்தது. இரண்டு அடுக்கு வைத்தது அடுத்த வகை. மேல் அடுக்கைத் தூக்கினால் போதும், ஜிப்பே கிடையாது, ஒரு கை தாராளமாகப் போதும். ஆனால் சித்திரை வெயிலில் நெஞ்சில் இரண்டு துணி, அதன் மேல் ஒரு குழந்தையின் சூடு. எங்கள் இருவருக்குமே வேர்க்குரு வந்தது. ஏப்ரல், மே தவிர மற்ற மாதங்களுக்கு இது நல்ல உடை.

மூன்றாவது, நெட்டுக்குத்தாக இரண்டு பக்கமும் மறைவு ஜிப் வைத்தது. என் ஓட்டு இதற்கே. ஆனால் இதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. நான் ஆயிரம் ரூபாய் டாப்ஸைக் காட்டி இதே மாதிரி தைத்துத் தர முடியுமா என்று கேட்டபோது டெய்லர் அக்கா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன்கிட்ட பழைய பிரின்சஸ் கட் டாப்ஸ் இருக்கா? அந்தத் தையலையே பிரிச்சு உள்ள ஜிப்பை வெச்சுடலாம். வெளிய தையல் மாதிரிதான் தெரியும்." பிரின்சஸ் கட்டில் தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ மார்பின் மேலாக இடுப்புவரை ஒரு தையல் இறங்கும். ஜிப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. நான்கு டாப்ஸை மாற்றிக்கொண்டேன். நான்கிலும் வயிறு தெரியவில்லை, இடுப்பு தெரியவில்லை, ஷால் நழுவினாலும் கவலை இல்லை.

துணி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒற்றை நிற, வெளிர் நிற ரேயானில் இரண்டு சொட்டு பால் பட்டாலே ஒரு ரூபாய் அளவுக்கு ஈரவட்டம் தெரியும். நெருக்கமாகப் பூப்போட்ட அடர்நிறப் பருத்தியில் யாருக்கும் தெரியாது. உள்ளே மடித்த பருத்திக் கைக்குட்டை வைத்துக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு. கம்பி வைத்த பிராவை மூட்டை கட்டிவிடுங்கள், இறுக்கமானதும் வேண்டாம்.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த குர்த்தியோ சட்டையோ சரியாக இருக்கும். மகப்பேறு நலன் பற்றிய சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பணி நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை தருகிறது. பால் எடுக்கும் பம்பை வைக்கும்போது இரண்டு பக்கமும் திறக்க வேண்டும், அங்கே பட்டன்தான் சௌகரியம். சாதாரண பட்டனுக்குப் பதில் பிரஸ் பட்டன் வைத்தால் ஒரு கையால் திறக்கலாம், ஆனால் 'டிக்' சத்தம் கேட்டு அமைதியான அறையில் எல்லோரும் திரும்புவார்கள்.

தனியாக ஒரு கவர் தேவையா?

ஏப்ரன் மாதிரி கழுத்தில் மாட்டும் கவரில் ஒரே ஒரு நல்ல விஷயம், கழுத்துப் பக்கம் வளைந்து நிற்கும் பட்டை. உள்ளே எட்டிக் குழந்தை சரியாக வாய் வைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். முதல் சில வாரங்களில் அது பெரிய உதவிதான். அதன் பிறகு உள்ளே புழுக்கம், குழந்தை நான்கு மாதத்தில் கையால் தள்ளிவிடும், ஐந்தாவது மாதம் அதைப் பிடித்து விளையாடும். அந்தக் கவரைப் போட்டதும், அதுவரை கவனிக்காதவர்கள்கூட நம் பக்கம் திரும்பினார்கள். பெரிய பருத்தி ஷால் ஒன்று போதும், குழந்தையின் மூக்குப் பக்கம் காற்றுப் போக இடம் விட்டு.

2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அப்படி ஓர் அறையில் மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாக உட்கார்ந்து கொடுத்திருக்கிறேன். இன்னொரு ஊரில் பூட்டு தொங்கியது, சாவி யாரிடம் என்று நேரக் காப்பாளருக்கும் தெரியவில்லை. அன்று டெய்லர் அக்கா ஜிப் வைத்துக் கொடுத்த நீலப் பூப்போட்ட டாப்ஸில் இருந்தேன். தூணுக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஷாலைக்கூட விரிக்காமல் கொடுத்து முடித்தேன். பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த தாத்தா, "பாப்பா தூங்குதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது சிக்கல் வேறு. போன வாரம் ஒரு காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மகள் அந்த ஜிப்பின் ரன்னரைத் தானே கண்டுபிடித்து சர்ரென்று கீழே இழுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து வெளியே போகும்போது புடவைதான் கட்டுகிறேன். கொக்கி கழற்ற அவளுக்கு இன்னும் தெரியாது.