லாகின் போன பிறகும் நூலகம்

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால், பல்கலைக்கழக நூலகத்தோடு எனக்குப் பதிமூன்று ஆண்டுப் பழக்கம். முதலில் அலமாரிகளுக்கு நடுவே. அப்புறம் பெரும்பாலும் வீட்டிலிருந்தே லாகின் செய்து.

வசதியில் குறையே இல்லை. பைண்டு செய்த பழைய தொகுதிகளைப் புரட்டித் தும்மிக்கொண்டே தேடிய கட்டுரைகள், இப்போது நள்ளிரவில்கூட ஒரு நிமிடத்தில் கிடைக்கின்றன.

எரிச்சல் வந்தது மின்னூலில். ஆய்வேடு சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நூலைத் திறந்தால், 'இதை இப்போது வேறொருவர் படிக்கிறார்' என்று திரை சொல்கிறது. கோப்புக்கு ஏது தட்டுப்பாடு? ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கும் உரிமமாம். என் முறை வந்து இறக்கிய பிரதியும் ஏழாம் நாள் பூட்டிக்கொண்டது. ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகளும் அதோடு போயின. அச்சு நூலாக இருந்திருந்தால் எடுத்தவரைத் தேடிப் பிடித்து ஒரு நாள் இரவல் கேட்டிருப்பேன்.

ஆய்விதழ்களும் பெரும்பாலும் வாடகைச் சரக்குதான். சில ஒப்பந்தங்களில், சந்தா கட்டிய ஆண்டுகளின் இதழ்களை எப்போதும் படிக்கலாம். சிலவற்றில் சந்தா நின்றால் அதுவும் போச்சு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019-ல் எல்செவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்தோடு பேச்சை முறித்துக்கொண்டு, 2021-ல்தான் புதிய உடன்பாட்டுக்கு வந்தது. அவ்வளவு பெரிய இடம் பேரம் பேசலாம். பட்டம் வாங்கியதும் லாகின் பறிபோன நான் யாரிடம் பேசுவது?

வேலை கிடைக்கும்வரை எட்டு மாதம் அப்படித்தான் ஓடியது. பல கட்டுரைகளின் முன்வரைவுகள் இலவசத் தளங்களில் இருந்தன. என் துறையில் முக்கியமானவை இல்லை. கடைசியில் தயங்கித் தயங்கி நூலகரிடம் போனேன். அவர் ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டினார். பல உரிமங்களில் 'நேரில் வருபவர்' என்றொரு பிரிவு உண்டு: உறுப்பினராக இல்லாதவரும் நூலகத்துக்குள்ளே, அங்கிருக்கும் கணினியில் படிக்கலாம். இத்தனை ஆண்டுகளில் இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே விதி எழுதினார். எனக்கு அதைச் செய்தது எந்தத் தேடுபொறியும் அல்ல, இந்த நூலகர்தான்.

ஆக, இனி கட்டடம் எதற்கு என்று எல்லோரும் கேட்ட காலத்தில், டிஜிட்டல் கட்டுரை படிக்கவே தினமும் பஸ் ஏறிப் போனேன்.

இப்போது மறுபடி லாகின் இருக்கிறது. ஆனாலும் மின்னூல் வாங்கச் சொல்லிப் படிவம் நிரப்பும்போதெல்லாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.