4,850 ரூவா போச்சு, ரெடிமேட் டீச்சிங் கிட் வாங்கப்போற டீச்சர்ஸ் ஒரு நிமிஷம் நில்லுங்க

கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ரீஃபண்டு தர்றேன்னு சொன்ன ஆளு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி என்னைய பிளாக் பண்ணிட்டான். 4,850 ரூவா. கடைப் பேரு போடல, போட்டா நாளைக்கே வேற பேர்ல வந்து நிப்பான். "ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரை அம்புட்டும் ஒரே பெட்டியில"ன்னு ரீல்ஸ்ல காட்டி வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுப்பாங்கல்ல, அந்த வகையறா. இந்த மாதிரி வாங்குறப்ப எதெத பாக்கணும்னு பத்து பாயிண்டு எழுதத்தான் ஒக்காந்தேன், மொதல்ல நடந்தத கொட்டிடுறேன்.

நான் மதுரைப் பக்கம் மேலூர் தாண்டி ஒரு ஈராசிரியர் பள்ளியில இருக்கேன். நானும் எச்.எம் அக்காவும் மட்டுந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு வகுப்பும் எங்கிட்ட, ஒரே ரூம்ல. அரசாங்கத்தோட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்ததுல இருந்து அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைகள நிலை பிரிச்சு ஒக்கார வச்சு ஆளுக்கொரு வேல குடுக்கணும், பயிற்சி நூல் அரசாங்கமே குடுத்துருது அதுல ஒரு குறையும் சொல்லல, ஆனா கையில அட்டை, சார்ட்டு, படம்னு எதையாச்சும் குடுத்தாத்தான் அரும்பு பிள்ளைக எடத்துல ஒக்காரும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆயுதம் ஒண்ணு, ஆக 247 அட்டை. சோத்த வடிச்சு எறக்கி வச்சிட்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வெட்டி ஸ்கெட்ச்சுல எழுதுனா அது ஒரு டெர்ம் கூட தாங்காது, பிள்ளைக வாயில வச்சு கடிச்சிரும். முன்னெல்லாம் சார்ட்டு வேணும்னா மதுரை புதுமண்டபம் கடைகளுக்குப் போயி பாத்து, தடவிப் பாத்து வாங்குவோம், அந்தக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுனதுக்கப்பறம் நான் அங்கிட்டு போகவே இல்ல. சோம்பேறித்தனந்தான், ஒத்துக்கிறேன்.

அந்த நேரம் பாத்து இந்த விளம்பரம். 247 எழுத்தட்டை, லேமினேட் பண்ணது, கணக்குக்கு காசு அட்டை, சார்ட்டு 40, பென் டிரைவ்ல 500 ஒர்க்‌ஷீட்டு. வெல கேட்டு மெசேஜ் போட்டேன். ஒரு வாய்ஸ் நோட்டு வந்துச்சு. பொம்பளக் குரல், நம்ம ஊரு பேச்சு. "டீச்சர், நானும் பத்து வருசம் டீச்சரா இருந்தவதான், ராத்திரி ஒக்காந்து வெட்டுற கஷ்டம் எனக்குத் தெரியாதா, நம்ம கஷ்டம் அடுத்தவங்களுக்கு வேணாம்னுதான் இத ஆரம்பிச்சேன்"னுச்சு. பின்னாடி பிள்ளைக ரெண்டாம் வாய்ப்பாடு சொல்ற சத்தம் கேக்குது. அந்த சத்தத்துலதான் நான் விழுந்தேன், வேற எதுலயும் இல்ல. பாதி அட்வான்ஸ்னா 5,600, முழுசா போட்டா 4,850ன்னாங்க. எங்க ஸ்கூல்ல வேப்பமரத்தடியிலதான் சிக்னல் கிடைக்கும், இன்டர்வெல் நேரத்துல அங்க நின்னு போன அமுக்குறேன், எச்.எம் அக்கா வந்து "மொகம் தெரியாத ஆளுக்கு இம்புட்டு ரூவாயா?"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, அவங்களும் நம்மள மாதிரி டீச்சர்க்கா." இதக் கேட்டுட்டு அவங்களும் பாதி போட்டாங்க.

பணம் போனதுக்கப்பறம் அந்தம்மா குரல நான் கேக்கவே இல்ல. அதே நம்பர், எடுக்குறது ஒரு பையன். மூணு நாள்ல வரும்னது பன்னெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. பெட்டியப் பிள்ளைகள சுத்தி ஒக்கார வச்சுத்தான் பிரிச்சேன், அதுகளும் காணும் பொங்கலுக்கு கெளம்புன மாதிரி குஷியா இருந்துச்சுக.

எண்ணிப் பாத்தா 64 அட்டை. லேமினேட்டும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, கல்யாணப் பத்திரிகைய விட மெல்லிசு. மொத அட்டை அ. அம்மா படம் போட்டுருக்கு, கீழ அம்மான்னு இருக்கணும்ல, அங்க இங்கிலீஷ்ல எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். அம்புட்டுதான். டைப்பிங் கிளாஸ் போனவங்களுக்குப் புரிஞ்சிருக்கும், பாமினி ஃபான்ட்டுல அடிச்ச ஃபைல, அந்த ஃபான்ட்டு இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்து அப்படியே பிரிண்டு தட்டி விட்டுருக்கான். ஒரு மனுசன் ஒரு தடவ கூட அந்த அட்டையக் கண்ணால பாக்கல. ஒண்ணாப்பு பொண்ணு ஒருத்தி அத வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "டீச்சர், இது இங்கிலீஷ் அம்மாவா?"ன்னா. ஒழுங்கா தமிழ்ல விழுந்த அட்டைய எடுத்தா ழகரத்துக்கு "வாளைப்பளம்". நம்ம பக்கம் பேசும்போது நாக்கு அப்படித்தான் போகும், நானே அப்படித்தான் பேசுவேன், அதுக்காக அச்சுல போடலாமா, அத வச்சு நான் ழ சொல்லிக் குடுக்கவா?

காசு அட்டை இன்னும் கொடும. பென்னி, நிக்கல், டைம், குவாட்டர். அமெரிக்காக் காசு! யாரோ அங்க உள்ள பிள்ளைகளுக்காக செஞ்சு போட்டத எடுத்து பேர அழிச்சிருக்கான், அழிச்ச எடம் வெள்ளையாத் தெரியுது. இருபத்தஞ்சு காசு நாலு சேந்தா ஒரு டாலர்னு நான் மேலூர்ல நடத்தணும். எங்க பிள்ளைகளுக்கு காசுன்னா 1, 2, 5, அப்பறம் பெட்டிக்கடைக்காரரு வாங்க மாட்டேன்னு திருப்பிக் குடுக்குற 10 ரூவா காயின். பென் டிரைவத் தொறந்தா பாதிக்கு மேல நம்ம அரசுப் பாடப்புத்தகத்துப் பக்கமே தான், நெட்டுல யாரு வேணாலும் சும்மா எறக்கிக்கலாம், அதத்தான் எனக்கு 4,850க்கு வித்துருக்கான்.

போன் போட்டா "சாம்பிள் பார்சல் மாறி வந்துருச்சு மேடம்"ன்னான். அடுத்த நாள் "ஓனர் ஊர்ல இல்ல". அப்பறம் "பிரிச்ச பெட்டிக்கு ரிட்டர்ன் கிடையாது", பிரிக்காம எப்படிடா உள்ள இருக்குறது தெரியும்னு கேட்டா "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?", நான் முப்பது பிள்ளைகள வச்சுக்கிட்டு வீடியோ எடுக்கவா, அப்பறம் "கொஞ்சம் மரியாதையா பேசுங்க மேடம்". மரியாதையாம். டீச்சர்னு ஆரம்பிச்சவங்க பணம் வாங்குனதும் மேடம்னு மாறுனதையே நான் கவனிச்சிருக்கணும்.

இன்னைக்கு சாயந்தரம் அவனே கூப்பிட்டு, "ரீஃபண்டு அனுப்புறோம், கியூஆர் அனுப்பிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர போடுங்க, பணம் ஏறிடும்"னான். நானும் ஸ்கேன் பண்ணிட்டேன், 4,850ன்னு திரையில வந்துருச்சு, ரெண்டு நம்பர் அமுக்கிட்டேன். அப்பத்தான் அதுக்கு மேல "செலுத்து"ன்னு இருந்தது கண்ணுல பட்டுச்சு. இன்னொரு 4,850 போக இருந்துச்சு. திட்டினேன், நல்லாத் திட்டினேன், பிளாக் பண்ணிட்டான்.

பத்து பாயிண்டு எழுத இப்ப தெம்பு இல்ல. பணம் வாங்குறதுக்கு யாரும் பின் போடத் தேவையில்ல, பின் கேட்டாலே அது நம்ம பணம் போற வழி. ஏமாந்தா ஒடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, நாள் கடத்தாதீங்க, பன்னெண்டு இலக்க யுபிஐ நம்பரையும் சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, பிளாக் பண்ணிட்டான்னு கோவத்துல சாட்ட அழிச்சிராதீங்க. பொருள் மட்டமா வந்துருந்தா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. வாங்குறதுக்கு முன்னாடி நீங்க கேக்குற எழுத்தோட அட்டைய கையில பிடிச்சு வீடியோ அனுப்பச் சொல்லுங்க, ழ கேளுங்க. வாய்ஸ் நோட்ட நம்பாதீங்க. அம்புட்டுதான்.

1930க்கு இப்பத்தான் புகார் குடுத்து முடிச்சேன். எச்.எம் அக்காவோட 2,425 நான் திருப்பிக் குடுக்கணும், வேணாம்பாங்க, அதுதான் இன்னும் வலிக்கும். வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லல, வாளைப்பளத்தோட பெட்டி பீரோ மேல பழைய சேலைக்கு அடியில கெடக்கு.