செஃபிர், ஃப்ரீஆர்டிஓஎஸ், நட்எக்ஸ்: பராமரிக்கப்போகிறவரின் பார்வையில் ஓர் ஒப்பீடு

பேட்டரியில் பல ஆண்டுகள் இயங்க வேண்டிய, புளூடூத் வழியே தரவை அனுப்பும் ஓர் உணரிக் கருவி வரிசைக்கு குறித்த நேரத்துக்குள் பணிகளை நடத்தித்தரும் எந்தத் திறந்த மூல நிகழ்நேர இயக்கமுறைமையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எங்கள் குழுவின் முன் வந்தபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர், நட்எக்ஸ் ஆகிய மூன்றும்தான். நாங்கள் செஃபிரைத் தேர்ந்தெடுத்தோம். எனவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்திருக்கும். வேகத்தையும் நினைவகச் சிக்கனத்தையும் முதலில் எடைபோட்டுப் பார்த்தோம். முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

உரிமத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 2017-இல் அமேசானின் பொறுப்புக்கு வந்த ஃப்ரீஆர்டிஓஎஸ் எம்ஐடி உரிமத்திலும், மற்ற இரண்டும் அப்பாச்சி 2.0 உரிமத்திலும் கிடைக்கின்றன; எதைப் பயன்படுத்தினாலும் உங்கள் சொந்த நிரலை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. அப்பாச்சி உரிமத்தில் காப்புரிமை குறித்த வெளிப்படையான அனுமதி கூடுதலாக உண்டு என்பது நிறுவனத்தின் சட்டப்பிரிவுக்குப் பிடிக்கும். நிகழ்நேரத் தன்மையிலும் பெரிய வேறுபாடு இல்லை. முன்னுரிமை குறைந்த பணியை இடைமறித்து மேலான பணிக்கு வழிவிடும் திட்டமிடல், முன்னுரிமையைத் தற்காலிகமாக உயர்த்தித் தரும் மியூடெக்ஸ் (ஒரு வளத்தை ஒரே நேரத்தில் ஒரு பணி மட்டும் தொட அனுமதிக்கும் பூட்டு), வேலையில்லாத நேரத்தில் கடிகாரத் துடிப்பை நிறுத்திவிட்டு உறங்கும் வசதி ஆகியவை மூன்றிலும் உள்ளன. மோட்டார் கட்டுப்பாடு போன்று மைக்ரோநொடிகள் கணக்கில் வரும் வேலைகளில்கூட முக்கியமான பகுதி பெரும்பாலும் வன்பொருள் அழைத்தவுடன் ஓடும் இன்டரப்ட் நிரலிலும் வன்பொருள் டைமரிலுமே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே பணிமாற்ற நேரங்களை ஒப்பிடும் அட்டவணைகளை மட்டும் வைத்து இயக்கமுறைமையைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் அழகு அதன் சிறுமையில் இருக்கிறது. ரிச்சர்ட் பாரி 2003 வாக்கில் தொடங்கிய இந்தக் கெர்னலின் (இயக்கமுறைமையின் உட்கருவின்) மையம் பணிகள், வரிசைகள், பட்டியல்கள் ஆகியவற்றுக்கான மூன்று சி கோப்புகளில் அடங்கிவிடுகிறது. அதனுடன் உங்கள் செயலிக்கு ஏற்ப இயைக்கும் போர்ட் கோப்புகள், ஐந்து வகை ஹீப் (இயங்கும்போது ஒதுக்கப்படும் நினைவகம்) மேலாண்மையில் ஒன்று, அமைப்புகளைக் குறிக்கும் ஒரே ஒரு தலைப்புக் கோப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். தொகுத்த கெர்னல் பொதுவாக 6 முதல் 12 கிலோபைட் வரையே இடம் பிடிக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் கெர்னல் முழுவதையும் வரிக்கு வரி படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்பதை, பெரிய அமைப்புகளில் வழிதெரியாமல் அலைந்தவர்களே உண்மையாக மதிப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலும் இன்றைய பதிப்பில் பெரும்பாலும் அப்படியே தொகுக்கப்படுகிறது. இந்த நிலைத்தன்மைக்கு ஈடான ஒன்றைச் செஃபிரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் ஃப்ரீஆர்டிஓஎஸ் ஒரு கெர்னல் மட்டுமே. யுஆர்ட், ஐ2சி, எஸ்பிஐ போன்ற தொடர் இணைப்புகள், ஃபிளாஷ், ரேடியோ என எதற்கும் அதில் பொதுவான டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) அமைப்பு கிடையாது. அவை சிப் தயாரிப்பாளர் தரும் எஸ்டிகேயிலிருந்து (மென்பொருள் உருவாக்கத் தொகுப்பிலிருந்து) வருகின்றன. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைக்கின்றன.

செஃபிர் இதற்கு நேர் எதிரான இயல்புடையது. விண்ட் ரிவர் நிறுவனத்தின் கெர்னலை அடித்தளமாகக் கொண்டு 2016-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் கெர்னல், டிரைவர்கள், புளூடூத் அடுக்கு, நெட்வொர்க் அடுக்கு, பலகை வரையறைகள், சோதனைகள் ஆகிய அனைத்தும் நிரல் சேமிக்கப்படும் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. வன்பொருளை டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பிலும், மென்பொருள் தேர்வுகளைக் கேகான்ஃபிக் என்ற அமைவு முறையிலும் விவரிக்க வேண்டும். களஞ்சியங்களை வெஸ்ட் என்ற கருவி ஒருங்கிணைக்கிறது. லினக்ஸ் கெர்னலில் பழகியவர்களுக்கு இவை அறிமுகமானவையாகத் தோன்றும், ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: லினக்ஸில் டிவைஸ் ட்ரீ இயங்கும்போது படிக்கப்படுகிறது, செஃபிரில் அது தொகுக்கும்போதே மேக்ரோக்களாக மாறி நிரலுக்குள் கரைந்துவிடுகிறது. இதனால் நினைவகம் மிச்சமாகிறது. பதிலுக்கு, ஒரு டிரைவரைக் கேகான்ஃபிக்கில் இயக்க மறந்தாலோ, டிவைஸ் ட்ரீயில் அந்தச் சாதனத்தின் நிலையைச் செயலில் வைக்காவிட்டாலோ, நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் ஏதோ ஒரு வரிசை எண்ணை மட்டும் காட்டிப் பிழை சொல்கிறது. அந்த எண் எந்தச் சாதனத்துக்குரியது என்பதை, தொகுப்பின்போது உருவான தலைப்புக் கோப்பில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரங்களில் ஒவ்வொருவரும் இங்கே தடுக்கி விழுவார்கள், அதைத் தவிர்க்கும் குறுக்குவழி எதையும் நான் பார்க்கவில்லை.

இனி பராமரிப்புக்கு வருகிறேன். உட்பொதி கருவிகள் களத்தில் நெடுங்காலம் இருப்பவை. அந்தக் காலத்தில் நிச்சயமாக நடப்பவை மூன்று: ஒரு டிரைவரில் பிழை தெரியவரும், ஒரு பாதுகாப்புக் குறை அறிவிக்கப்படும், ஏதோ ஒரு சிப் கிடைக்காமல் போகும். 2020-க்குப் பிந்தைய சிப் தட்டுப்பாட்டின்போது இந்த மூன்றாவது சூழ்நிலையை அனுபவிக்காத வன்பொருள் குழுக்கள் மிகக் குறைவு. மூன்று சூழ்நிலைகளிலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: திருத்தம் யாருடைய களஞ்சியத்தில் போய்ச் சேரும்?

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸைப் பொறுத்தவரை, பிழை கெர்னலில் இருந்தால் பதில் தெளிவானது. அந்தக் கெர்னல் நன்றாகப் பேணப்படுகிறது. ஆனால் களத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை டிரைவரிலும் நெறிமுறை அடுக்குகளிலும்தான் இருக்கின்றன. 2018-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃப்ரீஆர்டிஓஎஸ் குறைகள்கூட அதன் டிசிபி/ஐபி அடுக்கையும் பாதுகாப்பான இணைப்புக்கான நிரலையும் சார்ந்தவை. டிரைவர் நிரல் எஸ்டிகேயில் இருப்பதால், நீங்கள் செய்த திருத்தத்தைத் தயாரிப்பாளர் ஏற்பாரா, எப்போது ஏற்பார் என்பது உங்கள் கையில் இல்லை. போதாக்குறைக்கு, பல எஸ்டிகேக்கள் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் தங்கள் சொந்தப் பிரதியைச் சுமந்து வருகின்றன. எஸ்பிரெசிஃப் என்ற சிப் நிறுவனத்தின் ஐடிஎஃப் எஸ்டிகே இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு: இரட்டைக் கரு செயலிகளுக்காக அவர்கள் கெர்னலை மாற்றிப் பல ஆண்டுகள் தனிக் கிளையாகவே வைத்திருந்தனர், பல கருக்களுக்கான ஆதரவு முதன்மைக் கெர்னலில் 11-ஆம் பதிப்பில், 2023-இன் இறுதியில்தான் வந்தது. அவர்களுடைய தேவை நியாயமானதே. ஆனால் அத்தகைய சூழலில் கெர்னலைப் புதுப்பிப்பது என்றால், எஸ்டிகே புதுப்பிக்கப்படும்வரை காத்திருப்பது என்றே நடைமுறையில் பொருள்படுகிறது. சிப்பை மாற்ற நேர்ந்தாலோ, பணிகளும் வரிசைகளும் அப்படியே நிற்க, வன்பொருளைத் தொடும் ஒவ்வொரு வரியையும் புதிய தயாரிப்பாளரின் செயற்கூற்றுப் பெயர்களுக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

செஃபிரில் ஓர் உணரி டிரைவரைத் திருத்தினால் அதைப் பொதுக் களஞ்சியத்துக்கே அனுப்பலாம். கையொப்ப வரியுடன் கூடிய கமிட் (பதிவுசெய்த மாற்றம்), தானியங்கிச் சோதனை, அந்தப் பகுதியின் பராமரிப்பாளரது மதிப்பாய்வு ஆகியவற்றைக் கடந்து அது ஏற்கப்பட்டுவிட்டால், அடுத்த பதிப்புகளுக்கு அதைச் சுமந்து செல்லும் வேலை எங்களிடமிருந்து நீங்கிவிடுகிறது. மதிப்பாய்வு எளிதில் முடிவதில்லை. பெயரிடும் முறை, டிவைஸ் ட்ரீ பண்புகளின் வரையறை, சோதனை இல்லாமை என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். என்றாலும் ஒருமுறை தரும் அந்த உழைப்பை, ஒவ்வொரு பதிப்புக்கும் சொந்தத் திருத்தங்களான பேட்சுகளைப் புதிதாகப் பொருத்தும் உழைப்போடு ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டும். தனியே வைத்திருக்கும் பேட்ச் வட்டிக்கு வாங்கிய கடனைப் போன்றது. எழுதிய நாளில் அது இலவசமாகத் தோன்றும்.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. செஃபிரின் பல டிரைவர்கள் அடியில் தயாரிப்பாளரின் எச்ஏஎல் (வன்பொருளை நேரடியாகத் தொடும் அடுக்கு) நிரலையே அழைக்கின்றன, அவை தனி மாட்யூல்களாக இழுக்கப்படுகின்றன. பிழை அந்த அடுக்கில் இருந்தால் நீங்கள் மீண்டும் தயாரிப்பாளரின் வாசலில்தான் நிற்பீர்கள். மேலும் செஃபிர் வேகமாக மாறுகிறது. 3-ஆம் வரிசையில் தலைப்புக் கோப்புகளின் பாதைகள் மாறின, 3.7-இல் பலகைகளை வரையறுக்கும் முறையே புதிதாக்கப்பட்டதால், சொந்தப் பலகை வைத்திருந்த அனைவரும் தங்கள் கோப்புகளை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் இடம்பெயர்வு வழிகாட்டி வெளியாவதால் எது உடையும் என்பது முன்கூட்டியே தெரியும், உடைவது மட்டும் நிற்பதில்லை. உற்பத்திக்குச் செல்லும் கருவிகளுக்கு 3.7 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளிலேயே நின்றுகொள்வது இதனால்தான் அறிவார்ந்தது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸும் தன் நூலகங்களுக்கு நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை வெளியிடுகிறது. அவற்றின் ஆதரவுக் காலம் ஈராண்டு.

மூல நிரல் திறந்திருப்பதும் அதைப் பேண ஆள் இருப்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்கு எம்பெட் ஓஎஸ் என்ற இன்னொரு நிகழ்நேர இயக்கமுறைமையை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆர்ம் நிறுவனம் 2024-இல், அதன் ஆயுள் 2026 ஜூலையுடன் முடிகிறது என்று அறிவித்தது. த்ரெட்எக்ஸ் என்ற மற்றொரு நிகழ்நேர இயக்கமுறைமையோ எக்ஸ்பிரஸ் லாஜிக் நிறுவனத்திடமிருந்து 2019-இல் மைக்ரோசாஃப்டிடமும், பின்னர் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடமும் கைமாறியது. ஒரே நிறுவனம் தாங்கிப் பிடிக்கும் திட்டத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஃப்ரீஆர்டிஓஎஸ் மிகப் பரவலாகப் பயன்படுத்தப்படுவதால் அதற்கு இது நேரும் என்று நான் அஞ்சவில்லை, ஆனாலும் அதன் பொறுப்பு பெரும்பாலும் அமேசானிடமே இருக்கிறது. செஃபிரில் ஒன்றோடொன்று போட்டியிடும் சிப் நிறுவனங்கள் பலவும் பங்களிக்கின்றன. அவற்றுள் நார்டிக், தன் புதிய எஸ்டிகேயையே செஃபிரின் மேல் கட்டியிருப்பதால், எங்கள் ரேடியோ சிப்பைப் பொறுத்தவரை தயாரிப்பாளரின் எஸ்டிகேயும் பொதுக் களஞ்சியமும் ஒரே திசையில் நகர்ந்தன.

ஐரோப்பாவில் விற்பனை செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். மென்பொருள் கூறுகளின் பட்டியலும், பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத பாதுகாப்பு ஆதரவும் அதில் எதிர்பார்க்கப்படுகின்றன. வெஸ்ட் கருவி அந்தப் பட்டியலை எஸ்பிடிஎக்ஸ் என்ற பொதுத் தர வடிவில் தொகுப்பிலிருந்தே உருவாக்கித் தருகிறது. எஸ்டிகேயிலிருந்து நகலெடுத்த கோப்புகளைக் கொண்ட திட்டத்தில், எந்த நிரல் எந்தப் பதிப்பு என்று கண்டறிவதே தனி ஆய்வாகிவிடும்.

நட்எக்ஸைப் பலகையில் ஏற்றிப் பழகிய அளவுக்கு மேல் நான் பயன்படுத்தியதில்லை, ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். கிரெகரி நட் 2007-இல் வெளியிட்ட இது, 2022-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது. யூனிக்ஸ் வகை இயக்கமுறைமைகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் இடைமுகத்தை உண்மையான அக்கறையோடு பின்பற்றுகிறது. லினக்ஸுக்கு எழுதிய நிரலைச் சிறிய செயலிக்கு இறக்க வேண்டியவர்களுக்கு மூன்றிலும் இதுவே இயல்பான வீடு. பிஎக்ஸ்4 பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் இதன்மேல் ஓடுவதே அதன் முதிர்ச்சிக்குச் சான்று. எங்களுக்குப் புளூடூத் குறைமின் அடுக்கு முதன்மையாக இருந்ததால் அதைத் தொடரவில்லை. ட்ரோன் ஒன்றை உருவாக்கியிருந்தால் இந்தக் கட்டுரையின் சாய்வு வேறாக இருந்திருக்கலாம்.

செஃபிரைத் தேர்ந்தெடுத்த பிறகும் எங்கள் பழைய கருவிகளை ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸிலேயே விட்டுவைத்திருக்கிறோம். சில கிலோபைட் ரேம் மட்டுமே கொண்ட, இணைய இணைப்பில்லாத, வன்பொருள் மாறப்போகாத கருவிக்குச் செஃபிர் வீண் சுமை. ஐஈசி 61508 போன்ற, கருவி பழுதானாலும் ஆபத்து நேராது என்பதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் உடனடித் தேவையாக இருந்தால், ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் செயல்மாதிரியைப் பின்பற்றும் வணிகத் தயாரிப்பான சேஃப்ஆர்டிஓஎஸ்ஸுக்கு மாறும் தெளிவான பாதை அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் நடைமுறையில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை.

செஃபிரை எண்ணுபவர்கள் மாதிரிப் பலகையில் விளக்கை மினுக்கவிட்டுப் பார்ப்பதற்கு முன், அதன் பராமரிப்பாளர் பட்டியல் கோப்பைத் திறந்து, தங்கள் சிப் குடும்பத்துக்கும் தாங்கள் நம்பியிருக்கும் டிரைவர்களுக்கும் எதிரே யாருடைய பெயர் இருக்கிறது, கடைசி மாற்றங்கள் எப்போது நடந்தன என்று பாருங்கள். பராமரிப்பாளரே இல்லாத பகுதிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் கருவி அவற்றில் ஒன்றின்மேல் நிற்குமானால், நான் மேலே சொன்ன காரணங்களில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது.