டைமிங் செயின் டென்ஷனர் மாத்தி 36,000 கிலோமீட்டர்: உப்புக்காத்து ஊர்ல என்னோட அனுபவம்

டைமிங் செயின்னா பைக் இன்ஜினுக்குள்ள வால்வுகள ஓட்டுற செயின், அது தளராம அழுத்திப் பிடிச்சுக்குற சின்ன பாகம் தான் டென்ஷனர். அத மாத்துன ஒடனே எழுதிருந்தா "சூப்பரா இருக்கு, சத்தமே இல்ல"ன்னு தான் எழுதிருப்பேன், ஏன்னா எந்த டென்ஷனரப் போட்டாலும் மொத மாசம் சத்தம் இருக்காது. அதனால தான் இவ்ளோ நாள் ஓட்டிப் பாத்துட்டு இப்ப எழுதுறேன்.

வண்டி 2019ல வாங்குன 150 சிசி, ஏர் கூல்டு, கார்ப்பரேட்டர் மாடல். வீடு தங்கச்சிமடம், வேலை உச்சிப்புளி பக்கம், வாரத்துல ஆறு நாளு பாம்பன் பாலத்தத் தாண்டிப் போய்ட்டு வரணும், மாசம் 1,400 கிலோமீட்டர் கிட்ட ஓடிரும். ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கிறப்ப பாலத்துல ஓட்டுனவங்களுக்குத் தெரியும், வண்டி சாஞ்சமானிக்கே தான் போகும், டாப் கியர் இழுக்காது, ஒரு கியர் கொறச்சுப் போட்டு முறுக்கிக்கிட்டே போகணும். இன்ஜினுக்கு அது நெசமாவே பாடு தான்.

மொத மொதல்ல சத்தத்தக் கேட்டதும் அந்தப் பாலத்துல தான். 48,000 ஓடியிருக்கும், சாயங்காலம் திரும்பி வரும்போது காத்துக்கு பயந்து ஓரமா வந்தேன், கைப்பிடிச் சுவத்துல பட்டு இன்ஜின் சத்தம் திரும்பி வருதுல்ல, அதுல கரகரன்னு ஒரு சத்தம் சேந்து வந்துச்சு. மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்ணுனதும் அதே கரகர, சூடானதும் கொறஞ்சிருச்சு. ஒர்க்‌ஷாப்புல அண்ணன் கேட்டுட்டு "டேப்பெட் தான் தம்பி"ன்னு வால்வு இடைவெளிய அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்தாரு. பத்து நாள்ல திரும்பவும் சத்தம், திரும்பவும் டேப்பெட். அவர கொற சொல்லல, வெளிய இருந்து கேட்டா ரெண்டும் ஒன்னு மாதிரி தான் இருக்கும். ஆனா உத்துக் கேட்டா வித்தியாசம் இருக்கு. டேப்பெட் சத்தம் கடிகாரம் மாதிரி டிக் டிக்னு சீரா வரும், ஆர்பிஎம் ஏற ஏற வேகமாகும், அவ்ளோ தான். டைமிங் செயின் சத்தம் சீரா இருக்காது, கரகரன்னு ஒராயிற மாதிரி இருக்கும், முறுக்கிட்டு ஆக்சிலேட்டர விட்டோம்னா அப்ப தான் நல்லா கேக்கும், ஏன்னா அப்ப செயின் தளந்து அடிக்குது. நீளமான ஸ்க்ரூடிரைவர் முனைய சிலிண்டர் போர் பக்கவாட்டுல செயின் போற எடத்துல வச்சு பிடிய காதுல வச்சுக் கேட்டேன், சத்தம் அங்க தான் இருந்துச்சு.

50,000ல டென்ஷனர் மாத்துனோம். கடைல ரெண்டு வெலைல இருந்துச்சு, நான் கம்மி வெல லோக்கல் அயிட்டத்த வாங்கிட்டேன், அது தான் நான் பண்ணுன தப்பு. சத்தம் ஒடனே நின்னுச்சு. ஆறு மாசம், 8,000 கிலோமீட்டர், அதுக்கப்புறம் பழசவிட மோசமா வந்துச்சு. கழட்டிக் கையில வச்சுப் பாத்தப்ப தான் வெவரமே புரிஞ்சுது. இந்த டைப் டென்ஷனருக்குள்ள ஒரு சுருள் ஸ்ப்ரிங் இருக்கு, அது ஒரு மரைய சுத்தி சுத்தி பிளஞ்சர வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், செயின் தேயத் தேய அது முன்னாடி வந்து செயின் பேட (செயின் ஒராயிற பட்டைய) அழுத்திப் பிடிச்சுக்கும். வெளிய வரலாம், ஆனா எதிர்ப்பக்கம் இருந்து செயின் தள்ளுனா உள்ள போகக் கூடாது, அதுக்குத் தான் அந்த மரை. என் டென்ஷனர கட்டை விரலால அழுத்துனேன், பிளஞ்சர் அப்படியே உள்ள போச்சு! அப்புறம் எப்புடி செயினப் பிடிக்கும்? இப்ப கடைல வாங்கும்போதே அழுத்திப் பாத்துத் தான் வாங்குறேன், நீங்களும் இந்த டைப்பா இருந்தா அழுத்திப் பாருங்க.

கழட்டுனது பெரிய கதை. மத்த ஊர்ல ரெண்டு போல்ட்டு, அரை மணி நேர வேலை. நம்ம ஊர்ல அப்படி இல்ல. கார்ப்பரேட்டருக்குக் கீழ அந்த எடத்துல உப்பு ஈரம் போய் உக்காந்துக்கும், தண்ணி ஊத்திக் கழுவுனாலும் அங்க போகாது. இரும்பு போல்ட்டு, அலுமினிய போரு, நடுவுல உப்புத்தண்ணி, அலுமினியம் அரிச்சு வெள்ளப் பவுடரா மரைக்குள்ள ஊதி எறுகிப் போயிருந்துச்சு. அவசரப்பட்டு ஸ்பேனரப் போட்டு ஒரு போல்ட்டு பாதில ஒடஞ்சுது. லேத்துக்குக் கொண்டு போய் டிரில் பண்ணி மரை எடுத்து வந்ததுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ரெண்டாவது போல்ட்டுக்கு முந்துன ராத்திரியே துரு எடுக்குற ஆயில் அடிச்சு ஊற விட்டு, காலைல இன்ஜின லேசா சூடாக்கி, முன்னயும் பின்னயும் கால் கால் சுத்தா அசைச்சு எடுத்தோம், அலுங்காம வந்துச்சு.

இன்னொன்னு, இத நான் வேற யாரும் சொல்லிக் கேட்டதில்ல. கழட்டுறதுக்கு முன்னாடி, கீழ சொல்ற டி மார்க்க வச்சுட்டு, டென்ஷனரோட நடு போல்ட்ட எடுத்துட்டு சின்ன ஸ்க்ரூடிரைவரால பிளஞ்சர முழுசா உள்ள இழுங்க, எத்தன சுத்து வருதுன்னு எண்ணுங்க. அப்புறம் கழட்டுனா பிளஞ்சர் தானா முழுசா வெளிய வந்துரும், இப்ப வெளிய வச்சும் அதே மாதிரி எண்ணுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னா இருந்தா பிளஞ்சர் ஏற்கனவே கடைசிக்கு வந்துருச்சு, செயினும் பேடும் தேஞ்சுருச்சு, புது டென்ஷனர் மட்டும் போட்டு பிரயோஜனம் இல்ல. எனக்கு அப்படித் தான் வந்துச்சு. அதனால 58,000ல, 2023 தை மாசம், ஒரிஜினல் டென்ஷனர், டைமிங் செயின், ரெண்டு பேடு, புது கேஸ்கெட் எல்லாத்தையும் சேத்தே போட்டுட்டோம்.

வெறும் டென்ஷனர் மட்டும் மாத்துறவங்களுக்கு: மேக்னட் கவர்ல (இன்ஜின் பக்கவாட்டு மூடி) டி மார்க்க, அதாவது பிஸ்டன் உச்சில நிக்கிறதக் காட்டுற கோட்ட, நேரா வச்சு, ரெண்டு வால்வும் மூடியிருக்கான்னு பாத்துட்டு தான் கழட்டணும். வேற எடத்துல இருந்தா வால்வு ஸ்ப்ரிங், வால்வத் தொறக்குற கேம்ம சுத்தி விட்டு செயின் பல்லு தாண்டிரும். டென்ஷனர் இல்லாதப்ப யாரும் கிக்கரத் தொடக் கூடாது, சின்னப் பசங்க வந்து மிதிச்சுராம பாத்துக்கங்க, டைமிங் மாறி வால்வு பிஸ்டன்ல அடிச்சா ஹெட்டே காலி. புதுச உள்ள இழுத்த நெலைல மாட்டி ரெண்டு போல்ட்டையும் டைட் பண்ணிட்டு தான் ஸ்க்ரூடிரைவர விடணும், பட்டுனு ஒரு சத்தம் கேக்கும். கையால ரெண்டு சுத்து சுத்தி மார்க்க சரிபாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஆறு எம்எம் போல்ட்டு தான், 10 நியூட்டன் மீட்டர் போதும், பலத்தக் காட்டுனா அலுமினிய மரை வழண்டுரும்.

இப்ப 94,000 தாண்டிருச்சு. சத்தம் வரல. முன்னாடி ஆயில 5,000 வரைக்கும் இழுப்பேன், இப்ப 2,500க்கு ஒருக்க மாத்துறேன், நடுவுல லெவலும் பாக்குறேன், செயினுக்கும் பேடுக்கும் அந்த ஆயில் தான் சாப்பாடு. வருஷத்துக்கு ஒருக்க, வாடைக்காத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, டி மார்க்க வச்சு டென்ஷனரக் கழட்டி மரைல காப்பர் கிரீஸ் தடவி, புது கேஸ்கெட் போட்டு மாட்டுறேன். போன தடவ ரெண்டு போல்ட்டையும் ஸ்பேனரால லூஸ் பண்ணுனதோட சரி, மிச்சம் வெரலாலயே சுத்தி எடுத்துட்டேன்.